வேலைக்குத் தகுதியான நோன்பாளி

பபேடான்,
12 பிப்ரவரி 1997

ஊ ஷம்சுதீன் அவர்களுக்கு,

ஸலாம். உங்களை 'ஊ' போட்டு எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆபீஸ்காரர்களை பர்மாக்காரர்கள் அப்படித்தானே மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள், நானும் கூப்பிட்டுப் பார்க்கிறேன். பதினெட்டு வருஷம் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கினோம். நீங்கள் மூன்றாம் மாடி, நான் நாலாம் மாடி. அத்தனை நாளும் தம்பி, தம்பி என்று கூப்பிட்டது என் புத்தி.

பெருநாளைக்கு மறுநாள் உங்கள் நலநிதி ஆபீஸிலிருந்து ஒரு கவர் வந்தது. ஆலையில் சணல் தூசி குடித்துக் குடித்து நெஞ்சு கெட்டுப்போனவனுக்கு நாலு மாதமாக அரைச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்களே, அது இந்த மாதத்தோடு சரி. பதினேழாம் தேதி திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டுமாம், வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்களாம். காரணம் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, இருந்தாலும் பர்மிய மொழியிலிருந்து தமிழில் மாற்றித் தருகிறேன், ரசித்துப் படியுங்கள்.

"வீட்டுப் பார்வை அதிகாரியின் அறிக்கைப்படி இவர் நோன்பு நோற்று வருகிறார். இவருடைய மார்க்கத்தில் நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு. விலக்கை ஏற்காததால் இவர் தம்மையே நோயாளியாகக் கருதவில்லை என்று தெரிகிறது. வேலைக்குத் தகுதியானவர்."

ஜனவரி இருபத்தொன்றாம் தேதி, பகல் ஒரு மணிக்கு நீங்கள் என் கதவைத் தட்டினீர்கள். நோயாளி லிஸ்டில் இருப்பவன் உண்மையிலேயே வீட்டில் படுத்திருக்கிறானா, ஊர் சுற்றுகிறானா என்று பார்ப்பது உங்கள் உத்தியோகம், அதைக் குறை சொல்லவில்லை. பாயை விரித்து உட்காரச் சொன்னேன். பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தீர்கள். கீழே போய் இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, பெருநாளைக்கு முன்னாலேயே சாமான் கட்டிக்கொண்டு மாவ்பிக்கு மாற்றலாகிப் போய்விட்டீர்கள். அது பதவி உயர்வா என்று கேட்கலாமா?

பெருநாள் தொழுகைக்குப் பிறகு உங்களைத் தேடினேன். அப்போது எனக்கு இந்தக் கவர் வந்திருக்கவில்லை.

தஸ்தகீர்


மாவ்பி,
20 பிப்ரவரி 1997

அன்புள்ள தஸ்தகீர் நானாவுக்கு, உங்கள் தம்பி ஷம்சுதீன் எழுதுவது.

அலைக்கும் ஸலாம். 'ஊ' போட்டதைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். சாயந்திரம்தான் மிச்சத்தைப் படித்தேன். திட்டுவதாக இருந்தால் நன்றாகத் திட்டுங்கள், இப்படி மரியாதை கொடுத்துக் கொல்லாதீர்கள்.

நானா, நான் உங்களைப் பற்றி நல்ல வார்த்தை எழுதினேன். அல்லாஹ் அறிய நல்ல வார்த்தைதான். அறிக்கைத் தாளின் அடியில் 'அதிகாரியின் கருத்து' என்று நாலு விரல் அகலத்துக்கு ஓர் இடம் உண்டு. அதில் இப்படி எழுதினேன்: "வீட்டில் இருந்தார். கடுமையான இருமல். இந்த நிலையிலும் நோன்பை விடாத பக்தியுள்ளவர், பொய் சொல்லத் தெரியாதவர்." பொய் சொல்லாத ஆள் நோய் என்று சொன்னால் நோய்தான் என்று டாக்டர் புரிந்துகொள்வார் என்று என் மூளை கணக்குப் போட்டது. அந்தத் தீர்ப்பை எழுதிய சயாமா, டாக்டரம்மா, பர்மாக்காரப் பெண், புதிதாக வந்தவர். நம் சட்டத்தை நம்மைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருப்பார் என்று நான் கனவா கண்டேன்? விளக்கு ஏற்றப் போய் வீட்டைக் கொளுத்திய கதையாகிவிட்டது.

பதவி உயர்வு என்றீர்கள். வந்து பாருங்கள் என் பதவியை. அரிசிக்கடைக்கு மேலே ஓர் அறை, மூட்டை இறக்கும்போதெல்லாம் கட்டில் ஆடும். இந்த ஊரில் தமிழ் பேச ஒருவர்கூட எனக்குக் கிடைக்கவில்லை. கல்யாணம் செய்யாத ஆளை எங்கே வேண்டுமானாலும் தூக்கிப்போடலாம் என்று போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறது. உத்தரவு வந்து தொண்ணூறு நாளுக்குள் மருத்துவ போர்டுக்கு எழுத வேண்டும். எழுதுங்கள் நானா. நெஞ்சு எப்படி இருக்கிறது என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஷம்சுதீன்


பபேடான்,
9 மார்ச் 1997

ஷம்சுதீனுக்கு,

தம்பி என்று எழுதக் கை வரவில்லை, 'ஊ' என்று எழுதவும் அலுத்துவிட்டது.

நெஞ்சைப் பற்றிக் கேட்டாய். வேலைக்குப் போய் மூன்று வாரமாகிறது. பழையபடி சணல் கட்டைப் பிரித்து உதறுகிற இடம்தான். லேசான வேலையாகக் கொடுங்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். தகுதியானவர் என்று முத்திரை குத்திய தாளை எடுத்துக் காட்டினார். "தாத்தா, இதுல லேசான வேலைக்குத் தகுதின்னு போடலையே" என்றார். நல்ல ஆள்தான், அவர் என்ன செய்வார். காலையில் முகத்தில் துணி கட்டிக்கொண்டு போகிறேன், பகலுக்குள் துணி பழுப்பாகிவிடுகிறது. நாலு மாடி ஏறி வீட்டுக்கு வர அரைமணி நேரம் பிடிக்கிறது. உன் பழைய வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மிச்ச மாடி. அங்கே இப்போது சீனக் குடும்பம் ஒன்று குடிவந்திருக்கிறது. அந்த அம்மாள் என்னைப் பிச்சைக்காரன் என்று நினைத்து முதல் நாள் ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

மேல்முறையீடு எழுதச் சொல்கிறாய். என்ன எழுதுவது? அறிக்கை பொய் என்றா?

இந்த இடத்தில் நாலு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்க்காதே.

நல்ல வார்த்தை எழுதினேன் என்று சொல்கிறாயே, உன்னிடம் யார் கேட்டார்கள்? 'வீட்டில் இருந்தார், இருமினார்' என்று நிறுத்தியிருக்கக் கூடாதா?

தஸ்தகீர்


மாவ்பி,
16 மார்ச் 1997

நானா,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. அந்த நாலு வரியில் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் நோன்பாக இல்லை.

எழுதிவிட்டேன், இனி மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். அன்று படியேறி வரும்போதே உங்கள் இருமல் கேட்டது. கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. நீங்கள் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தம்ளரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் நாலு படி கீழே இறங்கி நின்றுகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரி ஏறி வந்து கதவைத் தட்டினேன். நீங்கள் கதவைத் திறந்ததும் நான் ஒன்றுமே கேட்காதபோது, "நோன்புதான் தம்பி, அதான் குரல் கம்முது" என்றீர்கள். தாடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

அறிக்கையில் உண்மையை எழுதியிருக்கலாம். "ஒரு மணிக்கு மருந்து உட்கொண்டிருந்தார்" என்று எழுதியிருந்தால் உங்கள் பணம் நின்றிருக்காது. ஆனால் ஆபீஸில் தட்டெழுத்து அடிக்கிற உம்மு சல்மா நம் பள்ளிவாசல் தெருக்காரி. நல்ல பெண்தான், வாய்தான் நிற்காது. பகலில் தஸ்தகீர் நானா தண்ணீர் குடித்தார் என்ற செய்தி அஸர் தொழுகைக்குள் தெருமுனைக்கு வந்திருக்கும். நீங்கள் என்னிடம் சொன்னதை, நீங்கள் இருக்க ஆசைப்பட்ட மாதிரி, எழுதிவிடுவோம் என்று தோன்றியது. அதற்கு மேலே பக்தியுள்ளவர், பொய் சொல்லத் தெரியாதவர் என்று நானாக வேறு சேர்த்தேன். போன கடிதத்தில் டாக்டரை நம்பி எழுதியதாகச் சொன்னது பாதிதான் நிஜம்.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. என் அறிக்கை தவறு, நான் கண்ணால் பார்த்தது வேறு என்று போர்டுக்கு எழுதுகிறேன். ஆனால் அதை அங்கே சத்தமாகப் படிப்பார்கள், வெளிப் பெஞ்சு வரைக்கும் கேட்கும். நீங்கள் சரி என்று சொன்னால்தான் எழுதுவேன்.

ஷம்சுதீன்


பபேடான்,
30 மார்ச் 1997

படியில் நின்று என்னைப் பார்த்திருக்கிறாய். இரண்டு மாதமாக அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நானா, நானா என்று கடிதம் எழுதியிருக்கிறாய். நான் உன்னைத் திட்டத் திட்ட நீ மனசுக்குள் என்ன நினைத்திருப்பாய்? இந்தக் கிழவன் நோன்பையும் முழுங்கிவிட்டு என்னிடமே சண்டைக்கு வருகிறான் பார் என்றுதானே.

எழுதாதே. யாருக்கும் ஒன்றும் எழுதாதே.

நோயாளிக்கு விலக்கு உண்டு என்று எனக்குத் தெரியாதா? ஒரு டாக்டரம்மாவா வந்து சொல்ல வேண்டும்? முதல் நாலு நோன்பு பிடித்தேன். அஞ்சாவது நாள் மாத்திரை போடாமல் இருந்ததில் மயங்கி விழுந்து, தரையில் கிடந்து எழுந்தேன். அதற்குப் பிறகு பிடிக்கவில்லை. விட்ட நோன்புக்கு ஏழைக்குச் சோறு கொடுத்துவிடலாம், அதில் பாவம் ஒன்றும் இல்லை.

பிறகு ஏன் சொன்னேன் என்றால், சாயந்திரம் பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற வரிசைக்காக. உனக்குத் தெரியும், வீட்டுக்காரி நூருன்னிசா மௌத்தாகி என்னைத் தனியாக விட்டு நாலு வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. வருஷத்தில் பதினோரு மாதம் நான் சோற்றைத் தட்டில் போட்டுச் சுவரைப் பார்த்துத் தின்கிறவன். ரமலானில் மட்டும் முப்பது நாளும் தோளோடு தோள் இடிக்க உட்காருகிறோம். பக்கத்து ஆள் பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் நகர்த்துகிறார், கஞ்சி போதுமா என்று யாராவது கேட்கிறார்கள். நோன்பு இல்லாதவனையும் யாரும் எழுப்பிவிட மாட்டார்கள்தான். ஆனால் எனக்கு உட்காரத் தோன்றாது, அது வேலை செய்யாமல் கூலி வாங்குகிற மாதிரி. அதனால் எல்லாரிடமும் நோன்பு என்றேன். உன்னிடமும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இது வெளியே தெரிந்தால் அந்த வரிசையும் எனக்கு இல்லை. வேலையில் சாகிறேன், பரவாயில்லை. விட்டுவிடு.

ஏப்ரல் 4

மேலே உள்ளதைத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். புதன்கிழமை ஆலையில் சணல் கட்டுக்கு மேலேயே விழுந்துவிட்டேன். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து வெளியே கிடத்தினார்கள். துப்பினதில் ரத்தம். மேஸ்திரி ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தார், அதற்குமேல் அவரால் முடியாதாம். சாகிறேன் பரவாயில்லை என்று எழுதியவனுக்கு அந்தச் சிமெண்டுத் தரையில் கிடந்தபோது அப்படித் தோன்றவில்லை. பயமாக இருந்தது, தம்பி.

எழுது. மேல்முறையீட்டை நானும் இன்றே எழுதிப் போடுகிறேன்.

தஸ்தகீர்


மாவ்பி,
25 ஏப்ரல் 1997

நானா,

தண்ணீர்த் திருவிழாவுக்காக ஆபீஸை மூடிவிட்டார்கள், அதனால் தாமதம். இருபத்திரண்டாம் தேதி என் வாக்குமூலத்தை நேரில் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பார்த்ததை மட்டும் எழுதினேன், இந்தத் தடவை கருத்து எதுவும் சேர்க்கவில்லை.

போர்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். இருமலை அடக்காதீர்கள். நீங்கள் நாலு பேர் முன்னால் இருமலை அடக்குகிற ஆள், எனக்குத் தெரியும். அங்கே மட்டும் அந்த நாகரிகம் வேண்டாம். சவரம் செய்து, சென்ட் போட்டு, மாப்பிள்ளை மாதிரியும் போகாதீர்கள்.

பக்ரீத் அன்று இங்கே மர வியாபாரி ஒருவர் வீட்டில் சாப்பாடு. எல்லாரும் பர்மிய மொழியில் பேசினார்கள், நானும் பேசினேன். அறைக்குத் திரும்பி வந்து கண்ணாடி முன்னால் நின்று தமிழில் நாலு வார்த்தை பேசிப் பார்த்தேன். பைத்தியம் என்று நினைக்காதீர்கள்.

ஷம்சுதீன்


பபேடான்,
20 மே 1997

தம்பி ஷம்சுதீனுக்கு துஆ ஸலாம்.

போர்டு முடிந்தது. ஆறு மாதம் கொடுத்துவிட்டார்கள். தூசி வேலைக்குத் தகுதியில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று எழுதியிருக்கிறது. முதலில் இதைச் சொல்லிவிட்டேன், இனி நிம்மதியாகப் படி.

மூன்று டாக்டர்கள், நடுவில் உன் சயாமா. கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள், வெளியே பெஞ்சில் எனக்கு அடுத்த ஆள் யார் தெரியுமா? நம் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுகிற முத்து முகம்மது. கால் வீக்கத்துக்காக வந்திருந்தார். உன் வாக்குமூலத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார்கள். தாடியில் தண்ணீர் சொட்டியது வரைக்கும். ஏனப்பா, அதையும் எழுத வேண்டுமா?

சயாமா கேட்டார்: "ஊ தஸ்தகீர், நோன்பு வச்சீங்களா, இல்லையா?"

"வைக்கல சயாமா."

"அப்ப எதுக்கு வச்சிருக்கேன்னு சொன்னீங்க?"

"தனியா இருக்கேன் சயாமா."

"நான் கேட்டதுக்கு அது பதில் இல்லையே."

"எங்கிட்ட வேற பதில் இல்ல."

நோன்பில் பொய் சொன்னவர் இருமலிலும் பொய் சொல்லலாமே என்று பக்கத்து டாக்டர் முணுமுணுத்தார். சயாமா எழுந்து வந்தார். சட்டையைத் தூக்கச் சொல்லி முதுகில் குழாயை வைத்தார். குழாயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை என் தோளில் வைத்து, மூச்சு இழுங்க, விடுங்க, இழுங்க என்று வெகுநேரம் கேட்டார். உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம், என் கண் கலங்கிவிட்டது. நோய்க்காக இல்லை. நூருன்னிசா போனதற்குப் பிறகு என் மேல் ஒரு கை இவ்வளவு நேரம் இருந்ததே இல்லை. கையை எடுத்தபோது, இன்னும் கொஞ்சம் கேளுங்கள் என்று சொல்ல வாய் வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போனேன். முத்து முகம்மது எப்போதும் போல ஸலாம் சொன்னார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் யாரிடமாவது சொன்னாரா, சொல்லவில்லையா, ஒன்றும் தெரியவில்லை. யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயேன். நோயாளி லிஸ்டில் இருப்பதால் நான் ஒன்பதிலிருந்து நாலு வரை வீட்டைவிட்டு நகரக்கூடாது, ஊர் எல்லை தாண்டக்கூடாது. எப்போது வந்தாலும் நான் இருப்பேன். மீன் குழம்பு வைக்கிறேன்.

தஸ்தகீர்


மாவ்பி,
1 ஜூன் 1997

நானா,

மனசு குளிர்ந்தது. மாத்திரையை வேளைக்குப் போடுங்கள்.

இப்போதைக்கு வர முடியாது. கொஞ்சம் வேலை. பிறகு விவரமாக எழுதுகிறேன். அரிசிக்கடைக்காரர் கடைக் கணக்குத் தாளில்தான் இதை எழுதுகிறேன், ஆபீஸ் தாள் கைவசம் இல்லை. முகவரி அதேதான்.

ஷம்சுதீன்


பபேடான்,
10 ஜூன் 1997

தம்பி,

நேற்றுக் காலை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. உன் இடத்துக்கு வந்திருக்கிற புது ஆள், கோ டின் மௌங். நான் வீட்டில் இருக்கிறேனா என்று பார்க்க வந்தார். வயசு முப்பது இருக்கும், மரியாதையான ஆள். பிளெய்ன் டீ கொடுத்தேன், வாங்கிக் குடித்தார். மாவ்பியில் எங்கள் தம்பி ஒருவர் உங்கள் ஆபீஸில்தான் இருக்கிறார், தெரியுமா என்று பெருமையாகக் கேட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஊ ஷம்சுதீனா? அவரு இப்ப இல்லீங்களே. பொய் அறிக்கை கொடுத்தேன்னு அவரே எழுதிக் கொடுத்துட்டாராம். மே மாசத்தோட வேலை போச்சு" என்றார்.

அந்தக் கையெழுத்தைப் போடும்போதே உனக்குத் தெரியும், இல்லையா? இருபத்திரண்டு வருஷ உத்தியோகம். தாடியில் தண்ணீர் சொட்டியதையும் எழுத வேண்டுமா என்று கேலி பண்ணி எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடு. உனக்குக் கொஞ்சம் வேலையாம், வர முடியாதாம். வேலையில்லாத ஆளுக்கு என்னடா வேலை? பஸ்ஸுக்குக் காசு இல்லை என்று எழுதினால் நான் என்ன சிரிக்கவா போகிறேன்?

இன்று காலை எட்டு மணிக்கே நலநிதி ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். வெளியூர் போக அனுமதி வேண்டும் என்றேன். ஒரு தாள் கொடுத்தார்கள். காரணம் என்ற இடத்தில் இரண்டே கட்டம்: சிகிச்சை, உறவினர் மரணம். இரண்டும் இல்லை என்றேன். உறவினர் என்றாவது போடலாமா என்று அந்தப் பெண் இரக்கமாகக் கேட்டாள், மரணம் கட்டத்தில் டிக் போட்டால் போதும், யாரும் வந்து பார்க்க மாட்டார்கள் என்றாள். உன்னைச் சாகடித்து ஒரு பொய் எழுதச் சொன்னாள். நமக்குப் பொய் எழுதி ஆனது போதும் என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அனுமதி இல்லாமல் போனால் பணத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதையும் அவள் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொன்னாள்.

வரும் திங்கட்கிழமை, பதினாறாம் தேதி, காலை முதல் பஸ்ஸில் மாவ்பிக்கு வருகிறேன். ஏறுகிற இடம் விசாரித்துவிட்டேன். நீ ஸ்டாண்டில் வந்து நிற்க வேண்டாம், அரிசிக்கடையைக் கேட்டுக்கொண்டு நானே வந்துவிடுவேன். உன் மாடிப்படியில் ஏற நேரமாகும், இருமல் கேட்டால் பதறாமல் இரு. இரண்டு நாள் தங்குவேன், தமிழில் பேசலாம்.

கோ டின் மௌங் திங்கட்கிழமைதான் எங்கள் தெருப் பக்கம் வருவார். வரட்டும். கதவு பூட்டியிருக்கும். தஸ்தகீர் வீட்டில் இல்லை என்று எழுதிக்கொண்டு போகட்டும்.

உன் நானா,
தஸ்தகீர்